கொள்ளு மேல் ஏறிய ஜீப்

போன வாரம் என் மைத்துனன் புது வண்டி வாங்கி, அதை என்னிடம் காட்டுவதற்காகவே உத்திரமேரூர் வரை ஓட்டிக்கொண்டு வந்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு எதிரில் நிறுத்தினான். கடைக்குள் பாதி வெளிச்சம் போய்விட்டது. அவ்வளவு உயரம். ஏறி உட்கார நான் இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. முதல் முறை கால் எட்டவில்லை, இரண்டாவது முறை வேட்டி எட்டவில்லை.

உள்ளே கியருக்குப் பக்கத்தில் வளையல் அளவுக்கு ஒரு திருகு. திருப்பினால் எதிரே திரையில் படம் மாறுகிறது. மணல்மேடு. சேறு. அப்புறம் ஒரு மலையும் அதன்மேல் பனிக்கட்டியும்.

"மாமா, எந்த ரோட்டுக்கு எத வெக்கணும்? நீங்கதான் அந்தக் காலத்துலயே ஃபோர் வீல் ஓட்டினவராச்சே."

"மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். பனிய மட்டும் ரெடியா வெச்சிக்க. நம்ம பக்கம் எப்ப கொட்டும்னு சொல்ல முடியாது" என்றேன்.

அவன் ஒரு கணம் நிஜமாகவே வெளியே எட்டிப் பார்த்தான். ஒரு மணி வெயிலில் நாய் ஒன்று, நகரும் பஸ்ஸின் நிழலோடு சேர்ந்து தானும் நகர்ந்துகொண்டிருந்தது.

கிண்டல் செய்துவிட்டேனே தவிர, எனக்கு உள்ளுக்குள் கூச்சம்தான். இதே ஊரில் நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். 'ஃபோர் வீல் ஓட்டினவர்' என்பது குடும்பத்தில் எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே பட்டம். அந்தப் பட்டம் வந்த வழியை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் என்னிடம் வண்டி கற்றுக்கொள்ள வரப்போவதில்லை.

மைத்துனன் வண்டிக்குள் புது ரெக்ஸின் வாசனை அடித்தது. நான் ஓட்டிய ஜீப்புக்கும் ஒரு வாசனை உண்டு. டீசல், ஈரச் சாக்கு, மீன் மூன்றும் சரிபாதியாகக் கலந்தது. சரிபாதி என்றால் இரண்டுதானே என்று கேட்காதீர்கள், அந்த ஜீப்புக்குள் உட்கார்ந்தால் மூன்றுமே பாதிக்கு மேல் தெரியும். அந்த வாசனையோடு நான் பெண் பார்க்கப் போனேன். பெண் வீட்டுப் பூனை மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு என்னையே சுற்றிச் சுற்றி வந்து காலில் உரசியது. பெண் அதைப் பார்த்துச் சிரித்தாள். இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள், வீட்டில்.

ராஜகுளத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருந்தார். கட்லா, ரோகு, மிர்கால் என்று விரல் நீளத்துக்கு வளர்த்து, ஏரி குத்தகை எடுத்தவர்களுக்குக் கொடுப்பார். ஏரிக்குப் போகிற வழியெல்லாம் ரோடாக இருக்காது என்பதால் நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் வாங்கிப் போட்டிருந்தார். அதற்கு ஆள் தேடினார். எனக்கு இருபத்துநாலு வயசு. அதுவரை டிராக்டரும் ஒரு கல்யாண வேனும் ஓட்டியிருந்தேன்.

"ஃபோர் வீல் தெரியுமா?" என்றார் ஓனர்.

"எத்தினி வீலு வேணாலும் ஓட்டுவேன் சார்."

முதல் எட்டு மாதம் ஓட்டியது இப்படித்தான். கியர் பக்கத்தில் சிவப்புக் குமிழ் வைத்த குட்டி லீவர் ஒன்று இருந்தது. அதை இழுத்தால் முன் சக்கரத்துக்கும் இழுவை வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் வண்டியை எடுத்ததும் முதல் வேலையாக அதை இழுத்துப் போட்டுவிடுவேன். தார் ரோடு, செம்மண், வரப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். இழுக்கும்போது பக்கத்தில் யாராவது இருந்தால் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பேன், அது ஏதோ பெரிய பலம் வேண்டிய காரியம் என்பது போல. வண்டியும் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. சேற்றில் சிக்கினால் மட்டும் இறங்கித் தள்ள ஆள் தேட வேண்டியிருந்தது. அதற்கு நான் சேற்றைக் குறை சொன்னேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். முன் சக்கரம் இரண்டின் நடுவிலும் லட்டு அளவுக்கு ஒரு இரும்புக் குமிழ் இருந்தது. அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பேன். ஆயுதபூஜைக்கு அதன் முகத்தில் கெட்டியாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தேன். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டது. சாமிக்கு வைத்ததைச் சுரண்டக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

தை மாதம் ஒரு நாள் காலையில் கன்னியம்மா பண்ணைக்கு வந்து நின்றார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். சாலவாக்கம் பக்கத்தில் ஒரு ஊரின் ஓரமாக இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். அந்த ஊர்ச் சித்தேரியில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் ஏரி எப்போதும் வேறு யாராவது எடுத்ததாக இருக்கும். இவர்கள் கூலிக்கு இறங்குவார்கள். அந்த வருடம்தான் முதல் முறையாகக் குத்தகை இவர்களுடைய பெண்கள் குழுவுக்கு வந்திருந்தது. வந்த நாளிலிருந்தே ஊரில், 'பிடிக்கத் தெரியும், வளக்கத் தெரியுமா இவங்களுக்கு' என்று ஒரு பேச்சு. குஞ்சு செத்துப்போனால் அந்தப் பேச்சுதான் ஜெயிக்கும், அடுத்த தடவை ஏரி கைக்கு வராது. அதனால்தான் குழுத் தலைவி கன்னியம்மாவே கூட வந்துவிட்டார்.

நாலு நீல டிரம். தண்ணீரும் குஞ்சுமாக ஜீப்புக்குப் பின்னால் ஏற்றி, மேலே ஈரச் சாக்கு போட்டோம். இடப்பக்க மூலையில் ஒரு டிரம் ஸ்டெப்னிக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தது. தூரத்துக்கு என்றால் ஆக்சிஜன் பிடித்த பாலிதீன் பையில் போகும். கிட்டத்துக்கு இப்படி டிரம்தான். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி ஓடினால் தண்ணீர் குலுங்கும். குலுங்கினால் தண்ணீரில் காற்று கலக்கும். குஞ்சு மூச்சு விடும். வண்டி நின்றால் குஞ்சு மேலே வந்து வாயைத் திறக்க ஆரம்பிக்கும். அப்போது யாராவது கையால் தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"நிக்காம போயிடுவியா நைனா?" என்று கேட்டார் கன்னியம்மா, பின்னால் டிரம்களுக்கு நடுவில் குந்திக்கொண்டு.

"நாலு வீலுக்கா. எங்க நிக்கும்?" என்றேன்.

நின்ற முதல் இடம் ஆறு. அந்த மழைக்காலத்தில் தரைப்பாலம் அறுபட்டுப் போயிருந்ததால், மணலிலேயே ஒரு தற்காலிகப் பாதை. பாதி தூரத்தில் ஜீப் உறுமியது. மணல் பின்னால் விசிறியது. வண்டி முன்னால் போவதற்குப் பதில் கீழே போக ஆரம்பித்தது. நான் இன்னும் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். மணலில் செய்யக் கூடாத முதல் காரியம் அதுதான் என்பது இப்போது என்னிடம் கற்க வருகிற எல்லாருக்கும் தெரியும்.

கன்னியம்மா இரண்டு கையாலும் இரண்டு டிரம்மில் தட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். அவரால் எதையும் சும்மா பார்க்க முடியாது. என்ன, ஏன் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

"நைனா, பின்னாடி சக்கரந்தான் சுத்துது. முன்னாடி ரெண்டும் சொம்மா வேடிக்க பாத்துக்கினு கீது."

"அதெப்படி? லீவர் போட்டுக்கீறேன்."

"நீ போட்டது அதுங்களுக்குத் தெரியலபோல."

இறங்கிப் போய் முன் சக்கரத்தின் முன்னால் குந்தினேன். அவரும் இறங்கி வந்து பார்த்தார். குமிழில் இருந்த சந்தனத்தை நகத்தால் நிமிண்டினார். ஒரு சில்லு கழன்று விழுந்தது. உள்ளே ஆங்கில எழுத்து.

"இன்னா எழுதிக்கீது?"

துடைத்துப் படித்தேன். ஒரு பக்கம் ஃப்ரீ, மறுபக்கம் லாக். குமிழின் அம்பு ஃப்ரீயைக் காட்டிக்கொண்டு நின்றது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இறங்கிப் போய் அதைக் கையால் லாக்குக்குத் திருப்பினால்தான் முன் சக்கரம் அச்சோடு சேரும். திருப்பாமல் லீவரை மட்டும் இழுத்தால் உள்ளே அச்சு சுற்றும், சக்கரத்துக்கு ஒன்றும் போகாது. எட்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நான் இழுத்ததெல்லாம் வெறும் நாடகம்.

"பூட்டு மாதிரியா?" என்றார் கன்னியம்மா.

"ஆமாக்கா."

"தொறந்து வெச்சிட்டு பூஜ பண்ணிக்கீற."

இரண்டு பக்கமும் திருப்பினேன். கிளட்சை மெதுவாக விட்டேன். ஜீப் எருமை எழுந்திருப்பது போல முன்னங்காலை ஊன்றி எழுந்து, மணலை விட்டு வெளியே வந்தது. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தில், நான்தான் அந்தக் குமிழைக் கண்டுபிடித்தவன் என்கிற நினைப்பு ஏறிவிட்டது. கரையேறித் தார் ரோட்டைத் தொட்டேன். லீவரை எடுக்கவில்லை. குமிழையும் திருப்பவில்லை. ஏன் எடுக்க வேண்டும்? எட்டு மாதமாகத் தார் ரோட்டில் லீவர் போட்டபடிதானே ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லையே. அப்போதெல்லாம் குமிழ் திறந்திருந்தது, அதனால்தான் ஒன்றும் ஆகவில்லை என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன், ஸ்கூலில் செய்வது போல. ஈரச் சேலையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். வளைவில் திரும்பும்போது முன் சக்கரம் நடக்கும் தூரம் அதிகம், பின் சக்கரம் நடப்பது குறைவு. நாலையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் நடு அச்சில் முறுக்காக ஏறும். மணலிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை உதறிவிடும். சரளையில்கூட உதறிக்கொள்ளும். காய்ந்த தார் ரோடு சக்கரத்தை வழுக்க விடாது, கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு வளைவிலும் இன்னும் ஒரு பிழி, இன்னும் ஒரு பிழி. ஆகவே தார் ரோட்டில் இரண்டு சக்கரம் போதும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இப்போது ஐந்து நிமிஷம் ஆகிறது. கற்றுக்கொள்ள ஒரு டிரம் ஆனது.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வளைவில் டயர் கீச்சென்று கத்தியது. ஸ்டியரிங் திரும்ப மறுத்தது. ஊரைத் தாண்டி சாலவாக்கம் ரோட்டில் திரும்பியதும் வண்டியின் அடியிலிருந்து ஒரு முனகல்.

"வண்டி இன்னாத்துக்கு நைனா மொனகுது?"

"சந்தோஷத்துலக்கா. இப்பதான நாலு காலும் வந்துக்கீது."

"சந்தோஷம்னா எங்க வூட்டு ஆடு இப்டி மொனகாதே."

அவர்கள் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஒரு குறுக்கு வளைவு. அதில் வண்டி முதுகைத் தூக்கிக்கொண்டு, ஒரு உதறு உதறி, அணைந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்தேன். நகர்த்தினால் அடியில் ஏதோ தெறித்துவிடும் போல ஒரு சத்தம். லீவரைத் தள்ளினேன். வரவில்லை. காலால் உதைத்தேன். இறங்கிப் போய்க் குமிழைத் திருப்பினேன். அதுவும் இறுகிக் கிடந்தது. கியர் பெட்டி உடைந்துவிட்டது என்று முடிவுகட்டினேன். ஓனருக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் முதலில் மனசில் ஓடியது. பின்னால் சளப் சளப் என்று ஒரு சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்ததை, வெட்கத்தோடு சொல்கிறேன், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே ஆள், நாலு டிரம். கன்னியம்மா மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெப்னிக்குப் பின்னால் இருந்ததற்கு அவர் கை எட்டவில்லை. "நைனா, அந்த மூலைல ஒரு கை போடு" என்று அவர் இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். நான் லீவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

முன்னால் இருபதடி தள்ளி, ரோட்டின் பாதி அகலத்துக்குக் கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. எங்கள் பக்கம் தை மாசி வந்தால் ரோடுதான் களம். அறுத்த செடியைப் பரப்பிவிட்டால் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுக்கும். டூவீலர்காரர்கள் மட்டும் அதைக் கண்டால் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள், அப்படி வழுக்கும். கவைக் கம்பை ஊன்றிக்கொண்டு அதற்குக் காவல் நின்ற ஏகாம்பரம், கன்னியம்மா ஊர்க்காரர்தான். ஏரியைப் பற்றி ஊரில் எழுந்த பேச்சில் முக்கால்வாசி அவர் வாயிலிருந்து எழுந்தது.

"யோவ் டிரைவரு! இன்னாய்யா நட்ட நடு ரோட்டுல கட போட்டுக்கீற?"

"கியர் பொட்டி போச்சுண்ணே."

"ஸ்டார்ட்டு ஆவுதா?"

"ஆவுது. ஓட்னா ஒடஞ்சிரும்."

"ஒடையற வண்டி எங் கொள்ளு மேல வந்து ஒடையட்டுமே. மொத பஸ்ஸுக்கு அப்பால ஒரு பஸ்ஸு வர்ல. அப்டியே படுத்துக்கினு கீது. ரெண்டு தபா ஏத்தி எறக்கிட்டு அப்பாலிக்கா ஒடச்சிக்க."

சொல்லிக்கொண்டே ஜீப்புக்குப் பின்னால் வந்தார். கன்னியம்மா ஒரு கையால் சாக்கை இழுத்து மூடிக்கொண்டு மறு கையைச் சாக்குக்கு அடியில் விட்டுத் தட்டினார்.

"இன்னா கன்னிம்மா, ஏரி எட்த்துட்டீங்க. உள்ள இன்னா வர்து, மீனா கருவாடா?"

"கருவாடா இருந்தா மொதல்ல ஒனக்குதாண்ணே குட்ப்பேன்" என்றார் கன்னியம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே, "ஏத்து நைனா. ஒடஞ்சா ஒடையட்டும். நின்னாதான் சாவுது" என்றார்.

ஏற்றினேன். முன் சக்கரம் கொள்ளு மேல் ஏறிய உடனே வண்டி லேசாக ஒரு பக்கம் வழுக்கியது. அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். போச்சு, உடைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்டியே பின்னாடி எட்றா ராஜா!" என்றார் ஏகாம்பரம், கவையால் செடியைப் புரட்டிப் போட்டபடி. கொள்ளு மிதிபடுகிற சந்தோஷத்தில் எனக்கு 'யோவ்' போய் 'ராஜா' வந்துவிட்டது.

பின்னால் எடுத்தேன். மறுபடி முன்னால். நாலு சக்கரமும் செடிமேல் நழுவி நழுவி, ஏறியிருந்த முறுக்கையெல்லாம் உதறின. மூன்றாவது தரம் லீவரை வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். வெண்ணெய் மாதிரி போய்விட்டது. அந்த வேகத்தில் என் முழங்கை ஹாரனில் போய் இடித்தது. ஏகாம்பரம் இரண்டடி தள்ளிக் குதித்தார்.

இறங்கிக் குமிழையும் திருப்பினேன். திரும்பியது. ஒன்றும் உடையவில்லை என்பதும், உடைந்திருப்பதாக நினைத்து நான் நின்ற நேரம்தான் வீண் என்பதும் அப்போது புரிந்தது.

மிச்ச தூரம் இரண்டு சக்கரத்தில் பறந்தோம். தார் முடியும் இடத்தில், நொச்சிப் புதர் ஓரமாக நிறுத்தச் சொன்னார் கன்னியம்மா. அதற்கு மேல் ஏரி உள்வாய், தண்ணீர் வடிந்த களிமண். நான் குமிழைப் பூட்டி லோ கியர் போட வேண்டும். சேற்றுக்குள் இறங்குவதற்கு முன்னாலேயே போட வேண்டும், சிக்கின பிறகு அல்ல என்கிற ஞானம் எனக்கு அன்று காலையில்தான் வந்திருந்தது. நான் குமிழைத் திருப்பிவிட்டு நிமிர்ந்தபோது கன்னியம்மா ஸ்டெப்னி மேல் ஏறி உட்கார்ந்து, மூலை டிரம்மின் சாக்கை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் ஏறிப் பார்த்தேன். தண்ணீர் முகம் முழுக்க வெள்ளை வயிறு. அசைவே இல்லை.

"அக்கா, நான்..." என்று ஆரம்பித்தேன்.

"அப்பறம் அழுவலாம். கொடத்த எடு" என்றார். "கரை மேல ஊரே நின்னுக்கினு கீது. ஏகாம்பரமும் சைக்கிள எட்த்துக்கினு பின்னாடியே வந்துடுவாரு. சீக்கிரம்."

செத்ததையெல்லாம் கூடையால் வாரிப் புதருக்குப் பின்னால் கொட்டினார். எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. கெட்ட தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு, கால்வாயிலிருந்து நான் குடம் குடமாக நிரப்பினேன். பிறகு மற்ற மூன்று டிரம்மிலிருந்தும் தண்ணீரோடு சேர்த்துக் குஞ்சை மொண்டு மொண்டு அதில் விட்டார். இடையிடையே தட்டினார். இப்போது நானும் தட்டினேன், முழங்கை வரை நனைய. வேலை முடிந்ததும் நாலு டிரம்மையும் வரிசையாக ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"நாலுலயும் உசுரு கீதா?"

"கீதுக்கா."

"அத்த மட்டும் சொல்லு. யாரு கேட்டாலும்."

களிமண்ணில் இறங்கினேன். லோ கியர், ஒரே சீரான வேகம், பிரேக் மேல் காலே வைக்காமல். கன்னியம்மா பக்கவாட்டில் உடம்பைப் பாதி வெளியே விட்டு முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கரைமேல் ஒரு ஊரே அவருடைய தோல்வியைப் பார்க்கக் காத்திருக்கிற அந்த நேரத்தில் அவருக்கு வந்த கேள்வி இது:

"நைனா, மாட்டு வண்டிக்கு ஏன் இந்த பேஜாரெல்லாம் இல்ல?"

யோசித்தேன். மாட்டு வண்டிச் சக்கரத்தை யாரும் சுற்ற வைப்பதில்லை; மாடு இழுக்கிறது, சக்கரம் தன்பாட்டுக்கு உருள்கிறது. ஒன்றோடொன்று பூட்டவில்லை. "அதுல ரெண்டும் தனித்தனிக்கா" என்றேன்.

"அப்ப ஒண்ணா கட்னாதான் வம்பு" என்று தலையாட்டிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "கட்லன்னா இந்த சேத்துல வர முடியாது" என்றும் சேர்த்துக்கொண்டார். நான் இன்று ஸ்கூலில் நடத்துகிற பாடம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியம்தான்.

கரையில் நாலு டிரம்மையும் இறக்கினோம். கன்னியம்மா ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரம்மில் கலந்து, குஞ்சுகள் பழகிய பிறகு ஒவ்வொன்றாகச் சாய்த்தார். முதலில் சாய்த்தது அந்த மூலை டிரம்மைத்தான். வெள்ளி வெள்ளியாக நழுவிப் போயின. ஏகாம்பரம் சைக்கிளில் வந்து இறங்கி, நாலு டிரம்முக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார். ஒன்றிலும் கருவாடு கிடைக்கவில்லை.

ஆனியில் தண்ணீர் வற்றும்போது வலை போட்டார்கள். நான் போயிருந்தேன். மீன் ஒவ்வொன்றும் ஊரில் யாரும் எதிர்பார்க்காத பருமன். காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. ஏரிக்குத் தேவையானதைவிடக் கால் பங்கு குஞ்சு குறைவு. இருந்ததற்கு இடமும் தீனியும் அதிகம். ஆனால் அது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

"இன்னா போட்டு வளத்தீங்க?" என்று ஏகாம்பரம் கன்னியம்மாவை விடாமல் கேட்டார்.

கன்னியம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் என்னைக் காட்டினார். "நாங்க இன்னா பண்ணோம்? எல்லாம் டிரைவரு ஓட்ன வெதம். நாலு சக்கரத்தையும் பூட்டி, தார் ரோட்டுல மொனக மொனக இட்டுக்கினு வந்தாரு. நீதான் பாத்தியேண்ணே."

ஏகாம்பரம் பார்த்திருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த தையில் சுற்று வட்டாரத்து ஏரிக்காரர்களெல்லாம் பண்ணைக்கு வந்து, குஞ்சு ஃபோர் வீலில்தான் வர வேண்டும், தார் ரோட்டிலும் பூட்டிக்கொண்டுதான் ஓட்ட வேண்டும், முனகல் சத்தம் கேட்க வேண்டும், வழியில் கொள்ளு மேலும் ஒரு தரம் ஏற்ற வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஓனர் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒருத்தர் கூடவே உட்கார்ந்து வந்து, முனகவில்லையே என்று சண்டை போட்டார். நான் வாயாலேயே முனகினேன்.

சித்தேரி அடுத்த முறையும் கன்னியம்மா குழுவுக்குத்தான் கிடைத்தது. அதற்கடுத்த முறையும். இப்போது அதை யாரும் ஒரு செய்தியாகப் பேசுவதுகூட இல்லை. நொச்சிப் புதர் இருந்த இடத்திலிருந்து தண்ணீர் ஓரம் வரை சிமெண்டு ரோடு போட்டுவிட்டார்கள். குஞ்சு ஆக்சிஜன் பையில் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறது. தட்ட ஆள் வேண்டாம், பூட்ட சக்கரம் வேண்டாம், என்னைப் போல் ஒருவன் வேண்டவே வேண்டாம். கொள்ளுச் செடியை வயலிலேயே மெஷின் அடித்துக் கொடுத்துவிடுகிறது. அந்த வளைவில் இப்போது வேகத்தடை.

அந்த ஊரில் ஒரு விசேஷம் என்றால் என்னைக் கூப்பிடுவார்கள். யாராவது ஒருவர் புது ஆள் ஒருவரிடம், "இவர்தாம்பா அந்த டிரைவரு, நாலு டிரம்மையும் ஒரு குஞ்சு சேதாரமில்லாம கொண்டாந்தவரு" என்று ஆரம்பிப்பார். அப்போதெல்லாம் கூட்டத்தில் எங்காவது இருக்கிற கன்னியம்மா என்னைப் பார்க்க மாட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கும். அதைப் பார்த்தால் எனக்கும் அடக்க முடியாது. இருமுவது போல் வெளியே போய்விடுவேன்.

போன மாசியில் கன்னியம்மாவின் கருமாதிக்குப் போனேன். பந்தலில் ஏகாம்பரம், இப்போது நன்றாகக் கிழவர், என் கையைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நாலு டிரம், ஒரு குஞ்சு சேதாரமில்லை. எனக்குச் சிரிப்பு முட்டியது. பந்தல் முழுக்க ஒவ்வொரு முகமாகத் தேடினேன். எல்லாரும் என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.